கையில் ஆறு லட்சம், முன்னால் ஐந்து வழி

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல், எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய பையர் ஒருவரிடமிருந்து வந்த மெயிலின் பிரிண்ட் கிடந்தது.

"ஏம்மா, டைவர்சிட்டி, இன்க்ளூஷன்னு என்னமோ கேக்கறாங்க. அடுத்த ஆடிட்டுக்குள்ள ஏதாச்சும் செஞ்சு காட்டணுமாம். ஆறு லட்சம் ஒதுக்கறேன். எதைச் செஞ்சா உருப்படியா இருக்கும்னு திங்கக்கிழமை சொல்லு."

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். மொத்தம் 340 பேர். பாதிக்கு மேல் பெண்கள். மூன்றில் ஒருவர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள். பவர் டேபிளில் காது கேளாத டெய்லர்கள் ஆறு பேர். பேக்கிங்கில் ஒரு திருநங்கை. 'பன்மைத்தன்மை' என்று மாநாடுகளில் சொல்வதை ஆள் பற்றாக்குறையே எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. யாரும் கொள்கை வகுத்துச் செய்ததில்லை. ஆள் வந்தது, எடுத்தோம். வந்தவர்கள் தங்குகிறார்களா, தங்குகிறவர்கள் மேலே வருகிறார்களா என்பது வேறு கேள்வி. பையர் கேட்டதும் அதைத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை உட்கார்ந்து, போன வருஷம் வேலையை விட்டவர்களின் பட்டியலை எடுத்தேன். யார், எந்தத் தையல் லைன், எத்தனை நாளில் போனார், என்ன காரணம். காரணம் என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே வார்த்தை: 'சொந்தக் காரணம்'. எழுதியது நானேதான். வேலையை விடுகிறவர் கையெழுத்துப் போட வரும்போது பின்னால் நாலு பேர் நிற்பார்கள், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். இந்த முறை போன் நம்பர் வேலை செய்த முப்பது பேரிடம் பேசினேன். நாலாவது லைன் சூப்பர்வைசரின் வாயைப் பற்றி மட்டும் ஆறு பேர் சொன்னார்கள். ஓவர்டைம் முடிந்து வேன் ஹாஸ்டல் வாசல்வரை வராமல் முக்கிலேயே இறக்கிவிடுகிறது என்று இரண்டு பேர். ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பெண், "காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்க்கா. பாத்ரூம் போனா டோக்கன் கேப்பாங்க, அங்க தாழ்ப்பாளும் இல்ல" என்றாள். அவள் கம்பெனியில் இருந்தது பத்தொன்பது நாள்.

அந்த முப்பது போனையும் எழுதி வைத்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஐந்து வழிகளையும் ஒப்பிட்டேன். உங்கள் கம்பெனி ஐ.டி.யாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம். ஒப்பிடும் முறை மாறாது என்றே நினைக்கிறேன்.

பயிற்சி வகுப்பு

பையர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. ஒரு நாள், ஒரு ட்ரெயினர், ஒரு புரொஜெக்டர். போட்டோ எடுக்கலாம், கையெழுத்து வாங்கலாம், ஃபைலில் போடலாம். எங்கள் பக்கம் ட்ரெயினருக்கு நாற்பது, ஐம்பதாயிரம் ஆகும். லைன் நிற்கும் நஷ்டம் தனி.

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் இப்படி ஒரு வகுப்பு நடந்தது. 'மறைமுகச் சார்பு', அதாவது நமக்கே தெரியாமல் மனசில் இருக்கும் பாகுபாடு என்பதுதான் தலைப்பு. ஸ்லைடு எல்லாம் ஆங்கிலம், பேசியது பாதி ஆங்கிலம். உதாரணங்களில் வெள்ளைக்காரர்களும் கறுப்பினத்தவரும் வந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர்கள் அவர்களைச் சினிமாவில் மட்டுமே பார்த்தவர்கள். கடைசி வரிசையில் கட்டிங் மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார். மத்தியானம் எல்லோருக்கும் பிரிஞ்சி. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதே சூப்பர்வைசர் அதே குரலில், "ஏ இந்திக்காரி, கை என்ன கல்லா?" என்று கத்தினார்.

இது ஏதோ எங்கள் ஊர்க் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் இதே கதை. ஃப்ராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா காலெவ் என்ற இரு சமூகவியலாளர்கள் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவை வைத்து 2016-ல் எழுதினார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி கொடுத்த நிறுவனங்களில் ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், மேலாளர் பதவிகளில் வெள்ளைப் பெண்களின் பங்கோ கறுப்பின ஆண்களின் பங்கோ கூடவில்லை. கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்தே போயிருந்தது. 'இப்படி நினை, அப்படி நினைக்காதே' என்று உட்கார வைத்துச் சொன்னால் ஆள் முறுக்கிக்கொள்கிறான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வீட்டில் வளர்ந்த பையன் உள்ளவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்படாது.

விருப்பப்பட்டு வருகிறவர்களுக்கு நடத்தினால் பலன் தேவலை என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆகவே பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் செய்ய வேண்டியது இதில்லை. என் நோட்டில் இருந்த முப்பது பேரில் ஒருவரைக்கூட ஒரு நாள் வகுப்பு நிறுத்தி வைத்திருக்காது.

ஆள் எடுக்கும்போதே கணக்கு வைப்பது

இரண்டாவது வழி, எண்ணிக்கையில் இலக்கு வைப்பது. சூப்பர்வைசர்களில் பாதிப் பேர் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இத்தனை பேர், திருநர் இத்தனை பேர் என்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்ததும் அந்தச் சட்டம்தான். தனியாருக்கு அதில் ஒதுக்கீடு இல்லை, சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் எந்த பீரோவில் என்று தேட வேண்டும்.

இலக்கு வைப்பதில் ஒரு நல்லது, பேச்சு குறைந்து கணக்கு கூடும். கெட்டது எப்படி வரும் என்பதற்குக் கொச்சி மெட்ரோவைப் பார்க்கலாம். 2017-ல் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டம் மூலமாக 23 திருநர்களை வேலைக்கு எடுத்தார்கள். நாடு முழுக்கப் பாராட்டு. உண்மையிலேயே பெரிய விஷயம்தான். ஆனால் கொஞ்ச நாளிலேயே அவர்களில் பலர் வேலையை விட்டார்கள். கொச்சியில் அவர்களுக்கு வாடகைக்கு இடம் கொடுக்க ஆள் இல்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும். வேலை கொடுத்த இடத்தில் குறை இல்லை, வேலை முடிந்து போய்ப் படுக்க இடம் இல்லை. எங்கள் பேக்கிங்கில் இருக்கும் திருநங்கை மூன்று வருஷமாக நிற்கிறார் என்றால், வீரபாண்டி பக்கம் ஓர் அம்மா மாடி ரூமை அவருக்குக் கொடுத்திருப்பதுதான் காரணம். கம்பெனிக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

ஆள் எடுப்பது பற்றிப் பேசும்போது, விண்ணப்பத்தில் பெயரை மறைத்துவிட்டுத் தேர்வு செய்யுங்கள் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். பெயரிலேயே சாதி தெரிகிற இடங்களில் அதற்கு நியாயம் இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

நம் ஊரில் பெயரை மறைத்துப் பெரிய லாபம் இல்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பழக்கம் ஊன்றி, இன்று நம் பெயர் என்பது ஓர் இனிஷியலும் ஒரு பெயரும்தான். அதனால் நம் ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். "சொந்த ஊர் எதுங்க? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எங்க?" மூன்று கேள்வியில் விஷயம் கையில் வந்துவிடும். இன்டர்வியூவில் மேலாளர்கள் இதைக் கேட்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏன், நானே கேட்டிருக்கிறேன், பேச்சை ஆரம்பிக்கிற சாக்கில். பெயரை மறைப்பதைவிட இந்தக் கேள்விகளை நிறுத்துவது நம் ஊருக்குப் பொருத்தம். செலவு ஒரு ரூபாய் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பத்துக் கேள்வி, ஒரே தையல் டெஸ்ட், மார்க் போட ஒரே தாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊரில் பாதி ஆள் 'தெரிஞ்ச ஆள்' மூலம் வருவார். நல்ல டெய்லர் ஒருவர் அவர் ஊரிலிருந்து ஐந்து பேரைக் கூட்டி வருவார். வேலைக்கு அது வசதி. ஆனால் ஒரு லைன் முழுக்க ஒரே ஊர், ஒரே ஆட்கள் என்று ஆகிவிட்டால் ஆறாவதாக வருகிறவர் அங்கே விருந்தாளிதான். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சைப் பார்த்தாலே தெரியும். யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. தானாகவே தள்ளிப் போய், படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். புது ஆட்களை ஒரே லைனில் போடாமல் பிரித்துப் போடுவது புரொடக்‌ஷன் மேனேஜர் கையில் இருக்கிறது. இதற்கும் பணம் வேண்டாம், அவருடைய மனசு வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆக, கேள்வித் தாளை உடனே மாற்றலாம். எண்ணிக்கை இலக்கை இப்போது தொட வேண்டாம் என்பது என் முடிவு. இருக்கிற ஆறு காது கேளாத டெய்லர்களுக்கே இடம் சரியில்லாதபோது அறுபது பேரை எடுப்பதாக எழுதிக் கொடுப்பது பாவம்.

இடத்தைச் சரி செய்வது

அந்த ஆறு பேர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஃபயர் ட்ரில் நடந்தது. சைரன் அடித்தது. எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக வெளியே வந்தார்கள். தலை எண்ணினால் இரண்டு குறைகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டாவது மாடியில் கடைசி டேபிளில் இருவர் குனிந்தபடி காலர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் இருநூறு மெஷின் ஓடாமல் நிற்கிறது, அவர்கள் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்குப் பீஸ் ரேட். நிமிர்ந்தால் காசு போகும். அன்று உண்மையிலேயே நெருப்புப் பிடித்திருந்தால் என்று நினைத்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ட்ரில் ரிப்போர்ட்டில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று எழுதியிருந்தார்கள்.

இதற்குத் தீர்வு சைரனோடு சேர்ந்து சுழலும் சிவப்பு விளக்கு. மூன்று மாடிக்கும் சேர்த்து எலக்ட்ரீஷியன் எழுபதாயிரம் கேட்டார். தனியாக, பக்கத்து டேபிள்காரர் தோளைத் தட்டிக் கூட்டிப் போக வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி வைத்தோம். அதற்குச் செலவில்லை.

என் பங்குக்கு ஒரு கோளாறும் செய்திருக்கிறேன். வடமாநில ஆட்களுக்குப் புரிய வேண்டும் என்று, பாதுகாப்பு அறிவிப்பு, சம்பள விவரம், புகார் எண் எல்லாவற்றையும் இந்தியில் அச்சடித்து ஒட்டினேன். பெருமையாக போட்டோ எடுத்து ஆடிட் ஃபைலிலும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண்ணிடம், "அந்த போர்டைப் படிச்சியா?" என்று கேட்டால் சிரிக்கிறாள். அவள் ஒடிசா. படித்தது ஒடியா. எழுத்தே வேறு. அவளுடைய ரூமில் இருக்கும் ஜார்க்கண்ட் பெண் வீட்டில் பேசுவது சந்தாலி, பள்ளிக்கூடம் போனது மூன்றாவதுவரை. தமிழ் தெரியாத எல்லோரையும் 'இந்திக்காரர்' என்று ஒரே மூட்டையில் கட்டியிருந்தேன். நம்மை ஒருவர் 'மதராசி' என்றால் கோபம் வருகிறதல்லவா!

இப்போது போர்டில் எழுத்து குறைவு, படம் அதிகம். சம்பளச் சீட்டில் எந்தக் கட்டம் எது என்று ஒடியாவிலும் போஜ்புரியிலும் சந்தாலியிலும் எங்கள் ஆட்களையே பேசச் சொல்லி ஆடியோவாகப் பதிவு செய்து போனில் அனுப்புகிறோம். படிக்காதவருக்கும் காது இருக்கிறது. கேளாதவருக்குப் படம் இருக்கிறது.

கழிவறை, டோக்கன் சமாச்சாரம். டோக்கனை எடுத்துவிட்டால் ஆட்கள் போய் உட்கார்ந்துகொள்வார்கள் என்று லைன்காரர்கள் பயந்தார்கள். பத்து நாள் எடுத்துப் பார்ப்போம், பீஸ் குறைந்தால் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசினேன். குறையவில்லை, டோக்கன் திரும்ப வரவும் இல்லை. தாழ்ப்பாள், விளக்கு, நாப்கின் போடும் கூடை, புதிதாக இரண்டு கழிவறை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஆறு லட்சத்தில் பெரிய தொகை இதுதான். இதை 'இன்க்ளூஷன்' செலவு என்று காட்டலாமா என்று அக்கவுண்டன்ட் கேட்டார். அந்தப் பத்தொன்பது நாள் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அடுத்தது குழந்தைகள் காப்பகம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் வைத்தே ஆக வேண்டும் என்று 2017 மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தம் சொன்னது. பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியதும் அந்தத் திருத்தம்தான். தாய் ஒரு நாளில் நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். ஆனால் பல இடங்களில் காப்பகம் என்பது அட்டைப் பெட்டி அடுக்கும் ரூம். ஆடிட் அன்று பெட்டிகள் வெளியே போகும், தொட்டில் உள்ளே வரும், யாருடைய குழந்தையோ அழும். எங்களுடையது அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஒரே ஆயா. அவர் லீவு போட்டால் ஏழெட்டுத் தாய்மாரும் லீவு. இரண்டாவது ஆயா போட்டோம். வருஷச் சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை லட்சம்.

நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. கேரளா 2018-லேயே செய்துவிட்டது. எங்கள் செக்கிங் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறவர்கள். ஸ்டூல் கேட்டபோது, "உக்காந்தா தூங்கிருவாங்க" என்றார் ஒருவர். அவர் ஏ.சி. ரூமில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னார்.

புகார் சொல்ல ஒரு வழி

நாலாவதை ஒரு 'வழி' என்று பட்டியலில் போட்டதே தப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், விசாரணை 90 நாளுக்குள். இதில் செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. ஒப்பிட வேண்டியது, காகிதத்தில் இருக்கும் குழுவையும் வேலை செய்யும் குழுவையும்தான்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். தளத்தில் மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் ஆபீஸ். தமிழ் தவிர வேறு மொழி யாருக்கும் தெரியாது. புகார்ப் பெட்டி கேன்டீன் வாசலில், சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே. சாவி பர்சனல் மேனேஜரிடம். மூன்று வருஷத்தில் பெட்டியிலிருந்து வந்தவை ஒரு பஸ் டிக்கெட், கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு சீட்டு. இதைக் காட்டி, "எங்கள் கம்பெனியில் பிரச்சினையே இல்லை" என்று ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறோம். அவரும் டிக் அடித்தார்.

இந்த விஷயத்தில் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அதன்பிறகு தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022-ல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. உற்பத்தியாளரும் எச் அண்ட் எம் உள்ளிட்ட பெரிய பிராண்டுகளும் கையெழுத்திட்டார்கள். பாலியல் தொல்லையோடு சேர்த்துச் சாதியின் பேரிலும் வெளியூர்க்காரர் என்பதன் பேரிலும் நடக்கும் தொல்லைகளையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. தளத்தில் வேலை செய்யும் பெண்களையே கண்காணிப்பவர்களாகப் பயிற்சி கொடுத்து லைனில் வைத்தது. பெட்டியில் சீட்டுப் போட வேண்டாம், பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும். நிர்வாகம் செய்யத் தவறினால் பிராண்டு வியாபாரத்தில் கை வைக்கும் என்ற பிடியும் ஒப்பந்தத்தில் இருந்தது.

எங்களுடையது சின்னக் கம்பெனி, யூனியன் இல்லை, அந்த அளவுக்குப் பிடி கிடையாது. ஆனால் இரண்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, லைனுக்கு ஒருவர். அவர்களை ஆட்களே தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒருமுறை சம்பள நேரத்திலேயே கூடட்டும். இரண்டு, உள்ளகக் குழுவின் வரம்பில் வராத புகார்களுக்கும் ஒரு வாசல். 2013 சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும்தான். "ஊமையன்" என்று கூப்பிடுவது, தண்ணீர் டம்ளரைத் தனியாக வைப்பது, திருநங்கையை வேண்டுமென்றே "தம்பி" என்பது இதெல்லாம் எங்கே போய்ச் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. சாவி இப்போது குழுவில் இருக்கும் வெளி உறுப்பினரிடம். பெட்டி கழிவறை போகும் வழியில், கேமரா இல்லாத இடத்தில். வெளி உறுப்பினருக்கான தொகை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு அறுபதாயிரம் ஆகிறது.

தனி அதிகாரி

ஐந்தாவது, இதற்கென்றே ஒரு ஆளை வேலைக்கு எடுப்பது. ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கும் கம்பெனிக்குச் சரி. எங்களுக்கு ஆறு லட்சமும் அவர் சம்பளத்துக்கே போய்விடும், தாழ்ப்பாள் போட மிச்சம் இருக்காது.

ஆனால் இதன் பின்னால் இருக்கும் யோசனை நல்லது. டாபினும் காலெவும் எரின் கெல்லியோடு சேர்ந்து 2006-ல் எழுதிய முந்தைய ஆய்வில், 708 நிறுவனங்களைப் பார்த்துவிட்டு, 'இது இன்னார் பொறுப்பு' என்று வைத்த இடங்களில்தான் பலன் அதிகம் என்றார்கள். பொறுப்பில்லாத இடத்தில் மற்ற ஏற்பாடுகளும் சோபிக்கவில்லை. நான் கேட்டது இதுதான்: புரொடக்‌ஷன் மேனேஜரின் மாத ரிப்போர்ட்டில் பீஸ், ரிஜெக்ட், ஓவர்டைம் என்று இருக்கும் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். இந்த மாதம் எந்த லைனிலிருந்து யார் யார் போனார்கள், எத்தனை நாளில் போனார்கள். அவ்வளவுதான். எனக்கு ரிப்போர்ட் செய்யும் அதிகாரி வேண்டாம், முதலாளி கேட்கும் ஒரு கேள்வி போதும்.

முதல் மாதம் நாலாவது லைனின் எண்ணைப் பார்த்துவிட்டு முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். நான் போய்ச் சொல்லியிருந்தால் "அந்தப் பொம்பளை" என்று ஆகியிருக்கும். ஒரு டெய்லர் போய் அடுத்தவர் வந்து கை படிய ஒரு மாதம் ஆகும். அதற்குள் எவ்வளவு பீஸ் போகும் என்று முதலாளி கணக்குப் போட்டுக் காட்டினார். சூப்பர்வைசருக்கு அந்தப் பாஷை புரிந்தது. வாய் முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 'ஏய்' போய்ப் பெயர் வந்திருக்கிறது, சுனிதா என்பதைச் 'சுனித்தா' என்றாலும்.

திங்கட்கிழமை சொன்னது

பணத்தில் பாதிக்கு மேல் கழிவறைக்கும் ஆயாவுக்கும். அப்புறம் விளக்கு, புகார் ஏற்பாடு, படப் பலகை, ஆடியோ. சூப்பர்வைசர்களுக்குச் சைகை மொழி கற்றுத்தர ஓர் ஆசிரியர், பன்னிரண்டு சாயங்காலம், விருப்பப்பட்டவர்கள் மட்டும். ஏழு பேர் வருவதாகச் சொன்னார்கள், அந்தக் கட்டிங் மாஸ்டர் உட்பட. பையருக்குக் காட்ட ஒரு வகுப்பு, நாலு மணி நேரம், தமிழில், எங்கள் லைன் கதைகளையே வைத்து. வெளியிலிருந்து ஆள் கூப்பிடவில்லை. எண்ணிக்கை இலக்கைப் பற்றி அடுத்த வருஷம் பேசுவோம்.

இதில் நான் விட்டது என்ன என்றும் சொல்ல வேண்டும். வேன் பிரச்சினை தீரவில்லை. ஹாஸ்டல் இருக்கும் சந்துக்குள் வேன் திரும்பாது என்கிறார் டிரைவர், அவர் சொல்வதும் உண்மை. இப்போதைக்கு வாட்ச்மேன் டார்ச்சோடு முக்குவரை வந்து நிற்கிறார். கேன்டீன் பெஞ்ச் விஷயத்தை எப்படித் தொடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. இடம் ஒதுக்கி உட்கார வைக்கப் பள்ளிக்கூடமா நடத்துகிறோம்?

ஆடிட்டுக்குப் பையர் அனுப்பிய படிவம் நாலு பக்கம். பயிற்சி எத்தனை மணி நேரம், எத்தனை பேர், போட்டோ இணைக்கவும் என்று ஒரு பக்கம் முழுக்க அதுவே. நாலு என்று எழுதினேன். சிவப்பு விளக்குக்கும் தாழ்ப்பாளுக்கும் எங்கும் இடம் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'இதர' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பொடி எழுத்தில் அதற்குள் எழுதி அனுப்பினேன்.